ஆயிரம் கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றக் கூடாது

என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். உங்களில் பாதிப் பேரின் பிள்ளைகளும் அந்தப் பக்கம்தான் எங்கேயாவது இருப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் நெற்றி எனக்குத் தெரியும், என் காது அவனுக்குத் தெரியும், அப்படியே அரை மணி நேரம் பேசுவோம். போன வாரம் பேசும்போது, வேலைக்குப் போய்வர ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்கலாமென்று கடை கடையாக ஏறி இறங்கியதாகச் சொன்னான். நம் ஊரில் பால்காரர் முதல் பாங்க் மேனேஜர் வரை ஓட்டுகிறார்களே, அந்த நூறு சிசி வண்டி, அது அங்கே கிடையவே கிடையாதாம்.

"நம்ம ஊர்லயே செஞ்சு நம்ம ஊர்லயே ஓட்டுற வண்டிம்மா அது. இங்க யாரும் கொண்டுவந்து விக்கிறதில்ல. இங்க இருக்கறதுலயே சின்ன வண்டியோட விலைக்கு அங்க மூணு வாங்கலாம்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஜெர்மனிக்காரனுக்குக் கிடைக்காதது எனக்குப் பத்து வயதில் கிடைத்தது. பையனிடம் அதைச் சொன்னால் நம்பர் என்ன, மாடல் என்ன, போட்டோ இருக்கா என்று கேட்பான். உங்களிடம் சொன்னால் தலையாட்டிக் கேட்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் இப்போது கழக்கூட்டம் பக்கம் ஒரு ஐந்தாவது மாடி வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் கம்பெனிகள் விட்டதும் பால்கனியில் நின்றால் கீழே அந்தச் சின்ன வண்டிகள்தான். ஒன்றில் இரண்டு பேர், சிலதில் மூன்று பேர், நடுவில் மடிக்கணினிப் பை, முதுகில் பிரியாணி மூட்டை. ஷோரூமிலிருந்து எடுத்த அன்றைக்கே பொன்முடி மலைக்கு விடுகிறார்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் என்று ஒன்று இருந்ததே, அதைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போயிற்று.

அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் எடை போடுகிறவர். வற்றல் மிளகாய், மல்லி, புளி. கடை அவருடையது அல்ல, தராசு மட்டும் அவருடையது என்று அம்மா கேலி செய்வாள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைத் தராசில் ஏற்றியதும் அப்பா எடையை உரக்கக் கூவுவார். மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேரும் அதை ஒன்றாகத் திருப்பிச் சொல்வார்கள். பிறகுதான் ஒருவர் கறுப்பு மையைத் தொட்டுச் சாக்கில் எழுதுவார். கூவாத எடை எடையே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை கூவிவிட்டு வருவதால் வீட்டில் அப்பா வாயே திறக்க மாட்டார். சோறு வேண்டுமென்றால் தட்டை ஒரு விரலால் நகர்த்துவார், போதுமென்றால் கையை விரிப்பார். பத்து வயதுவரை நானும் அவரும் சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசியிருப்போமா என்பது சந்தேகம்தான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதுவரை எங்கள் கரமனைத் தெருவில் மோட்டார் சைக்கிள் என்றால் போலீஸ்காரரிடமோ டாக்டரிடமோ இருக்கும், யானை மாதிரி கனமாக, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு. பிறகுதான் இந்தச் சின்ன வண்டிகள் வந்தன. ஒல்லியான சிவப்பு டேங்க், கறுப்பு சீட், தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம். எடை போடுகிறவர் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கலாம் என்று ஆனது அந்த வருடங்களில்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை எடுத்தோம். கூட வந்த மெக்கானிக் மலையாளம் கலந்த தமிழில் அப்பாவிடம் விதிகளைச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்வரெ நாப்பது தாண்டண்டா. பாரம் ஏத்தண்டா. பைய ஓட்டியா மதி."

"பாரம்னா எத்தனை கிலோ?" என்று அப்பா கேட்டார்.

இந்தக் கேள்வியை அந்த மெக்கானிக்கிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அழுக்குத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஒரு முப்பது கிலோன்னு வெச்சோ" என்றார். அவர் பேச்சுக்குச் சொன்னது அது. அப்பா அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நானும் அம்மாவும் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனோம். அப்பா என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி வைத்துவிட்டு, என்னைத் தூக்கி மூட்டைத் தராசில் நிறுத்தினார். "இருபத்தாறரை" என்று கூவினார். மூன்று பேரும் "இருபத்தாறரை" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சிரித்தாள்.

"நீயும் ஏறு" என்றார் அப்பா.

விளையாட்டென்று நினைத்து அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அப்பா முள்ளைப் பார்த்தார். "அம்பத்தெட்டே கால்" என்று ஆரியசாலை முழுக்கக் கேட்கும்படி கூவினார். பழக்க தோஷம், மூன்று பேரும் கூவினார்கள். எதிர்க்கடையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மை தொட்டு வைத்திருந்தவர் மட்டும் சாக்கைத் தேடிக் குனிந்து, பிறகு விஷயம் புரிந்து தூரிகையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அம்மா நான்கு நாள் அப்பாவிடம் பேசவில்லை. அப்பா வழக்கமாகவே பேசாதவர் என்பதால் இரண்டு நாள் கழித்துத்தான் அது அவருக்குத் தெரிந்தது.

ஆனால் அம்மாவின் கோபம் வெறும் எடைக்காக மட்டும் இல்லை. அவளுடைய பிறந்த வீடு வித்துராவில். சந்தை முக்கில் பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னால் வீடு, அவளுடைய அண்ணன்தான் எல்லாம். என் மாமா அந்தக் காலத்திலேயே ஜீப் வைத்திருந்தவர். அம்மாவின் கல்யாணத்தன்று பந்தியில் நின்றுகொண்டே அவர் சொன்னாராம்: "மொளகா மூட்டை நிறுக்கியவனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தாச்சு. இனி அவளும் தும்மிக்கிட்டே கிடப்பா." எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மாவும் சிரித்திருக்கிறாள். பதினோரு வருடமாக அதை மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கூட்ட பஸ்ஸில் கசங்கிப் போய், கையில் மூட்டையோடு அந்த வாசலில் ஏறும்போதெல்லாம் அது ஞாபகம் வரும் என்பாள்.

வைகாசியில் சித்திக்கு அங்கே வளைகாப்பு வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரே ஆசை. அன்றைக்கு அந்த வாசலில், எல்லோரும் பார்க்க, சொந்த வண்டியில் புருஷன் பின்னால் உட்கார்ந்து போய் இறங்க வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

"வைகாசிக்குள்ள ஆயிரம் ஆயிரும்" என்றார் அப்பா. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அது எடை போட்டது மாதிரிதான். அம்மா அன்றைக்கே மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்துவிட்டாள்.

வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் ஆயிரம் ஆக ஆறு மாதம் ஆகும். ஆகவே தினமும் கடை முடிந்ததும் கிலோமீட்டர் சேர்ப்பதற்காகவே அப்பா வண்டியை எடுத்தார். பின்சீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே பாரம் நான். எனக்கு ஒரு வேலையும் உண்டு. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க அப்பாவுக்குப் பயம். அதனால் அவர் தோளுக்கு மேல் எட்டி மீட்டர் முள்ளைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.

"முப்பத்தாறு" என்பேன்.

"முப்பத்தாறு" என்பார் அப்பா.

"முப்பத்தொம்பது" என்றால் திருப்பிச் சொல்லாமலே கையைத் தளர்த்துவார். சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருமுறை பேட்டைப் பக்கம் ஒரு மாட்டு வண்டி வெகுதூரம் எங்களோடு கூடவே வந்தது.

சங்குமுகம் போனோம், வேளி போனோம், கோவளம் வரை போய்க் கடலைப் பார்க்காமலேயே திரும்பினோம், கிலோமீட்டர்தானே முக்கியம். கழக்கூட்டத்துக்கும் வந்திருக்கிறோம். இப்போது என் ஐந்தாவது மாடி நிற்கிற இடத்தில் அன்று தென்னந்தோப்பு இருந்திருக்கலாம். அப்பாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். சட்டையில் வற்றல் மிளகாய் நெடி ஏறியிருக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மூன்று தும்மல் போட்ட பிறகு பழகிவிடும்.

இனிமேல்தான் விஷயம். வண்டி முப்பதைத் தொட்டதும் அப்பா பேச ஆரம்பித்தார். வீட்டில் தட்டை நகர்த்துகிற அதே மனிதர், தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, காற்றில் பாதி வார்த்தை பறக்க, ஓயாமல் பேசினார். சின்ன வயதில் லாரி ஓட்ட ஆசைப்பட்டதைச் சொன்னார். கிணற்றில் தலைகீழாகக் குதித்துப் பல் உடைந்ததைச் சொன்னார். அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜியில் இருந்த மிளகாய் எந்த ஊர் மிளகாய் என்று சொல்லி எல்லோரும் முழித்ததைச் சொன்னார். பாட்டுகூட முனகினார். ராகம் சுமார்தான். எனக்கு அப்பா கிடைத்தது அந்தச் சீட்டில்தான். இதைச் சொல்வதற்கு இத்தனை வயதாகியும் எனக்குக் கூச்சமில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா வாசலிலேயே கேட்பாள். "இப்பம் எத்தனை ஆச்சு?"

"நானூத்திப் பன்னெண்டு." "ஐநூறு." "ஐநூத்தெழுபது." சொல்லச் சொல்ல அவள் முகம் மலரும். எனக்கோ எண்ணைச் சொல்லவே மனம் வராது. ஆயிரம் ஆனதும் என்ன நடக்கும் என்று நான் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தேன். சாயங்காலச் சுற்று நின்றுவிடும். பின்சீட்டு அம்மாவுக்குப் போய்விடும். அப்பா மறுபடி தட்டை நகர்த்தத் தொடங்கிவிடுவார்.

ஐநூறு ஆனபோது வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருந்தோம். முன்சக்கரத்தின் அருகே ஒரு திருகைக் கையாலேயே கழற்றி, உள்ளேயிருந்து ஒரு கம்பியை உருவிக் கிரீஸ் தடவினார். இது எதற்கு என்று கேட்டேன். இந்தக் கம்பி சுற்றினால்தான் மேலே மீட்டர் ஓடும், கழற்றிவிட்டால் வண்டி ஓடும், கிலோமீட்டர் ஏறாது என்றார். வண்டி ஓடும், கிலோமீட்டர் ஏறாது. அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எண் அறுநூற்று நாற்பதில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார், அம்மா கிணற்றடியில் இருந்தாள். நான் வண்டியின் முன்னால் உட்கார்ந்து அந்தத் திருகைக் கழற்றினேன். என் விரலுக்கே எளிதாக வந்துவிட்டது. கம்பியை வெளியே இழுத்தபோது அதோடு வந்த சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று துள்ளி, உருண்டு, சாக்கடைக்குள் விழுந்தது. நான் கையை விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. திருகை மட்டும் பழையபடி மாட்டிவிட்டு வந்து, நல்ல பிள்ளையாகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கிளம்பினோம். தெரு முனை வரை போயிருப்போம்.

"எத்தனை?" என்றார் அப்பா.

"பூஜ்யம்" என்றேன். பொய் சொல்லவில்லையே.

அப்பா வண்டியை நிறுத்தினார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு, என்னை இறக்கிவிட்டு, வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். முள் இல்லாமல் நாற்பதைத் தாண்டினோமா இல்லையா என்று எப்படித் தெரியும்? தராசு கெட்டால் கடையை மூட வேண்டியதுதான். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை வருடம் அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறேன், எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மெக்கானிக் வந்து பார்த்தார். புது மாடல் வண்டி, அந்தத் துண்டு இங்கே கிடையாது, எறணாகுளத்திலிருந்து வர வேண்டும் என்றார். இது எப்படிக் கழன்றது என்று அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எலி. மிளகாய்க் கடையில் இருபது வருடம் எலியோடு மல்லுக்கட்டியவர் வேறு எதைச் சந்தேகப்படுவார்? வண்டிக்கு மேல் சாக்கைப் போர்த்தி, பக்கத்தில் தேங்காய்ச் சில்லு வைத்து எலிப்பொறி வைத்தார். மூன்றாம் நாள் ஒரு எலி மாட்டியது. அப்பா அதைச் சாக்குப்பையில் போட்டு ஆற்றங்கரை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். போகிற வழியெல்லாம் அதைத் திட்டினாராம். செய்யாத குற்றத்துக்கு நாடு கடத்தப்பட்ட அந்த எலியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

பத்து நாள் வண்டி வாசலில் சாக்குக்கு அடியில் தூங்கியது. அப்பா நடந்து கடைக்குப் போனார், நடந்து வந்தார், பேசவில்லை. அம்மா நாட்காட்டியைப் பார்ப்பதையும் மீட்டரைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

ஒரு மத்தியானம் நான் பக்கத்து வீட்டிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்தேன். மதில் கதவு லேசாகத் திறந்திருந்தது. அம்மா அந்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டியிருந்தாள். சாக்கைப் பாதி விலக்கிவிட்டு, ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஒருபக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுற்றி மடியில் சொருகினாள். கால் எங்கே வைப்பது என்று தடவிப் பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி, அப்பாவின் தோள் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில் வைத்துக்கொண்டாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். இந்தத் தடவை கொஞ்சம் லாவகமாக.

நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, காது மட்டும் சுட்டது. அம்மாவும் அந்தச் சீட்டுக்கு ஆசைப்படுகிற ஒரு ஆள் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

பித்தளைத் துண்டு வந்து சேர்ந்தபோது வளைகாப்புக்கு எட்டு நாள் இருந்தது. அப்பா காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று ஓட்டினார். நானும் தொண்டை வறளக் கூவினேன். எழுநூற்றைம்பது. எண்ணூற்று முப்பது. எட்டிப் பிடித்துவிடுவோம் என்று இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழையைத்தான் தெரியுமே, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்றால் அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். கடைசி இரண்டு நாள் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. விசேஷத்தன்று விடிந்தபோது மழை விட்டிருந்தது. மீட்டரில் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு.

அம்மா மாம்பழ நிறத்தில் உடுத்தி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "முப்பத்திரெண்டு கிலோமீட்டர்தானே குறையுது" என்றாள்.

"முப்பத்திரெண்டுன்னா முப்பத்திரெண்டுதான்" என்றார் அப்பா.

"ஒருநாள் ஒருபொழுது. வண்டி செத்தா போயிரும்?"

அப்பா பலகாரத் தூக்கையும் வளையல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வித்துரா பஸ் வந்ததும் ஏற்றிவிட்டார். "ஜன்னல் பக்கம் உக்காரு" என்றார். பஸ்ஸில் போவதற்கு இந்த உபசாரம் வேறா என்பதுபோல் அம்மா பார்த்தாள். மூட்டையோடு, கசங்கப் போகிற புடவையோடு, பன்னிரண்டாவது வருடமும் அதே பஸ்.

அப்பாவும் நானும் வண்டியில் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனோம். பஸ் நின்ற இடத்தில் நாங்களும் நின்றோம். அது கிளம்பியதும் நாங்களும் கிளம்பினோம். பின் ஜன்னலில் இருந்தவர்கள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு சலித்து விட்டுவிட்டார்கள். அம்மா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா அன்று பேசவில்லை, நானும் முள்ளை மட்டும் சொன்னேன். நெடுமங்காட்டில் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. அதற்குப் பிறகு ரப்பர் தோட்டங்கள், வளைவுகள், ஈர ரோடு.

"இனி முள்ளைப் பாக்காண்டாம். நம்பரைச் சொல்லு மக்ளே" என்றார்.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றெட்டு. தொளிக்கோடு நெருங்கும்போது தொண்ணூற்றொன்பது. கடைசி எண் மெதுவாக மேலேறியது. அதோடு பக்கத்து எண்ணும், அதற்குப் பக்கத்து எண்ணும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எழும்பின. எல்லாம் ஒரே சமயத்தில் உருண்டு விழுந்தன.

"ஆயிரம்" என்று கத்தினேன்.

"ஆயிரம்" என்று அப்பா கூவினார். ஆரியசாலைக் கூவல். ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவர் கையை முறுக்கினார். அந்த வண்டி அதுவரை அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. நாற்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. நான் சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் திருப்பிச் சொல்லவில்லை. பஸ்ஸை வலது பக்கமாக ஒதுங்கித் தாண்டினோம். நூறு அடி முன்னால் போய் வண்டியை நிறுத்தி இறங்கி, நடுரோட்டில் நின்று கையை நீட்டினார். பஸ் கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"எந்தா அண்ணாச்சி, வண்டி கேடாயோ?"

"வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. மாம்பழக் கலர்ல ஒரு அம்மா இருக்கா, அவ இறங்கணும்."

"வித்துராவுக்கு டிக்கெட் எடுத்ததல்லே?"

"அந்த டிக்கெட்டுக்கு இந்தப் பிள்ளை வரும்" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

கண்டக்டர் என்னையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார், ஜன்னலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவையும் பார்த்தார். "செரி, இறங்கட்டே" என்றார். அம்மா இறங்கினாள். தூக்கையும் டப்பாவையும் என் கையில் கொடுத்தாள். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையைச் சுற்றி மடியில் சொருகினாள், கால் வைக்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலேயே வைத்தாள், ஏறி உட்கார்ந்தாள், கையைத் தூக்கி அப்பாவின் தோளில் வைத்தாள். முதல் தடவையே எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டாள் என்று அப்பாவுக்கு ஆச்சரியம். எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

டிரைவர் அவர்களை முன்னால் விட்டார். நான் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அப்பாவின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பேசிக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து கேட்டாள், ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். லாரியா, கிணறா, பஜ்ஜியா என்று தெரியவில்லை. வயிறு எரிந்தது என்றே சொல்கிறேன். அதே சமயத்தில் அவர்கள் கண்ணைவிட்டு மறைந்துவிடக் கூடாதே என்று எழுந்து நின்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

சந்தை முக்கில் இறங்கித் தூக்கோடு ஓடினேன். மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. அம்மா இன்னும் இறங்கவில்லை. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லோரும் உள்ளே சித்திக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடக் கனவு யாரும் பார்க்காமல் வந்து நின்றிருந்தது.

"இறங்கு" என்றார் அப்பா.

"ஒருத்தரும் பாக்கல. இன்னொரு சுத்து சுத்துங்க" என்றாள் அம்மா.

"நேரமாவுதே."

"சுத்துங்க. ஹாரன் அடிச்சுக்கிட்டே வாங்க."

எங்கள் அப்பா விதியில் இல்லாத ஒன்றைச் செய்து நான் பார்த்தது அன்றுதான். என்னை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிச் சந்தை முக்கைச் சுற்றி, மீன்காரர்களை விலக்கிக்கொண்டு, விடாமல் ஹாரன் அடித்தபடி வந்தார். இந்தத் தடவை வாசல் நிறைந்துவிட்டது. சந்தனக் கையோடு பெண்கள், பின்னால் சித்தி, எல்லோருக்கும் முன்னால் மாமா. அம்மா நிதானமாக இறங்கினாள். முந்தானையை உதறிவிட்டாள். மாமா அவளைப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டேங்கைத் தட்டினார், குனிந்து இஞ்சினைப் பார்த்தார்.

"மாப்ளே, லிட்டருக்கு எத்தனை கிடைக்குது?" என்றார். அப்பாவை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

"எழுபது" என்றாள் அம்மா, அப்பா வாயைத் திறப்பதற்குள். "ஜீப்புக்கு என்ன கிடைக்கும்ணே?"

திரும்பி வரும்போது பாரக் கணக்கெல்லாம் போய்விட்டது. அப்பா முன்னால், அம்மா பின்னால், நடுவில் நான். முன்பக்கம் மிளகாய் நெடி, பின்பக்கம் சந்தனமும் மல்லிகையும், மூச்சு விடவே இடமில்லை. அப்பா ரோட்டைப் பார்த்து அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தலையைத் திருப்பி அம்மாவின் காதில் சொல்லிவிட்டேன். எலி இல்லை, நான்தான், அந்தத் திருகைக் கழற்றியது நான்தான், சாக்கடையில் விழுந்துவிட்டது.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மாவின் கை எனக்கு மேலாகப் போய் அப்பாவின் தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கினேன்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றாள். "மனுஷன் மறுபடியும் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சிருவாரு."